மனுவேல் என்ற பெயரில் என்ன குற்றம் கண்டீர்கள்?



பதிவு கொஞ்சம் நீளம். ஊர் விஷயம் என்பதால் கடைசி வரை வாசித்துவிட்டுப் பேசுங்கள். முதல் பந்தியோடு நிறுத்திவிட்டு கொமண்ட் போட வேண்டாம்.

நமது பாடசாலைக்கு இடமாற்றம் பெற்று வந்திருக்கும் கணித ஆசிரியரைப் பற்றி ஒரு குரல் பதிவு போன ஜும்ஆவிலிருந்து ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அவர் ஒரு தமிழ்க் கத்தோலிக்கர். பெயரில் மனுவேல் என்று ஒரு சொல் இருக்கிறது. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லாமலே அடுத்தவரின் பெயரை விசாரிக்கிறார்.

அவர் சொல்வது மூன்று. ஒன்று, மனுவேல் யூதப் பெயர், அதைச் சுமப்பவனுக்கு யூத ரத்தம் இருக்கும். இரண்டு, இந்தப் பெயரைக் கொண்டுவந்த போர்த்துக்கேயர் வேஷம் போட்ட யூதர்கள், அதனால்தான் முஸ்லிம்களைக் குறிவைத்து அழித்தார்கள். மூன்று, அப்படிப்பட்ட பெயருள்ளவரிடம் நமது பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது. அந்த மூன்றாவதை நம்பி இப்போது வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுக்கவென்று ஒரு மனுவில் கையெழுத்து வாங்குகிறார்கள். சிலர் வாசிக்காமலே ஒப்பமிட்டிருக்கிறார்கள் என்றும் கேள்வி.

நானும் அதே பாடசாலையில்தான் படிப்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தேடிப் பார் என்பது. அந்தக் குரல் பதிவில் பேசியவர் தேடிப் பார்க்கவில்லை. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*பெயரின் அர்த்தம்*

மனுவேல் போர்த்துக்கேயப் பெயர். அதன் வேர் ஹீப்ரு. இதில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. முழுப் பெயர் இம்மானுவேல். அதற்குள் மூன்று துண்டுகள் இருக்கின்றன. 'இம்' என்றால் 'உடன்'. 'னு' என்றால் 'நாம், எங்கள்'. 'ஏல்' என்றால் இறைவன். சேர்த்தால் 'இறைவன் எங்களோடு'.

முஸ்லிம்களின் எதிரி என்றோ, எவரையும் அழிப்பவன் என்றோ அதில் ஒரு எழுத்தும் இல்லை.

அரபு தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஹீப்ருவில் அந்த 'இம்' தொடங்குவது ஐன் எழுத்தில். ஐனும் மீமும் சேர்ந்தது அந்தச் சொல். அரபியில் 'உடன்' என்பதற்கு 'மஅ'. அதிலும் மீமும் ஐனும்தான், வரிசை மட்டும் முன்பின். ஹீப்ருவில் 'னு' என்றால் அரபியில் 'னா', நாம் துஆவில் 'ரப்பனா' என்று சொல்கிறோமே, அந்த 'னா'. ஹீப்ருவின் 'ஏல்' என்பதும் அரபியின் 'இலாஹ்' என்பதும் ஒரே மொழிக் குடும்பத்துச் சொற்கள்.

இனி சூரா தவ்பாவின் 40ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஹிஜ்ரத்தின்போது தவ்ர் குகையில் எதிரிகள் வாசல் வரை வந்து நிற்கையில், கவலைப்பட்ட தோழர் அபூபக்கருக்கு (ரழி) நபியவர்கள் (ஸல்) சொன்ன ஆறுதல் அங்கே இருக்கிறது. அதில் வரும் 'மஅனா' என்ற சொல்லுக்கு அர்த்தம் 'நம்மோடு'. அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்பதே அந்த ஆறுதல். இந்தப் பெயரின் அகராதிப் பொருளும் அதுதான். மனம் உடைந்த நேரம் ஒவ்வொரு முஸ்லிமும் ஓதிக்கொள்ளும் ஒரு வாக்கின் பொருளைக் கேட்டா நாம் இப்படிப் பதறுகிறோம்?

*அது எப்படி நமது கரைக்கு வந்தது?*

இந்தப் பெயர் முதலில் வருவது பழைய ஏற்பாட்டின் ஏசாயா நூலில். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதேயாவை ஆஹாஸ் மன்னன் ஆண்ட காலம். பகைப் படைகள் ஜெரூஸலத்தை நெருக்கியபோது, பயந்திருந்த மக்களுக்கு அடையாளமாக ஒரு பிள்ளையின் பெயராக இது சொல்லப்படுகிறது. பிறகு மத்தேயு சுவிசேஷம் அந்த இடத்தை ஈஸா (அலை) அவர்களின் பிறப்போடு இணைக்கிறது. கிறிஸ்தவர்கள் இந்தப் பெயரை நேசிப்பதற்குக் காரணம் அது. ஈஸா நபியைப் பற்றிய அவர்களது நம்பிக்கை வேறு, நமது ஈமான் வேறு. அதை மழுப்ப எனக்கு எந்தத் தேவையும் இல்லை. மார்க்க வித்தியாசத்தை மறைத்துத்தான் அயலவரை மதிக்க வேண்டும் என்றும் இல்லை.

ஹீப்ருவிலிருந்து பெயர் கிரேக்கத்துக்குப் போனது. கிரேக்கத்தில் ஐன் என்ற எழுத்து இல்லை. அது விழுந்தது. பிறகு முன்னாலிருந்த 'இம்' என்பதும் தேய்ந்து, மனூயேல் என்று நின்றது. கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்த கிரேக்கச் சக்கரவர்த்திகள் சிலருக்கு அந்தப் பெயர். ஐபீரியாவில் அது மனுவேல் ஆனது. போர்த்துக்கேயர் பழைய எழுத்துக்கூட்டலில் மனோயெல் என்றும் எழுதினார்கள்.

தமிழுக்கு வந்தபோது நமது இலக்கணம் தன் வேலையைச் செய்தது. மனு என்பதோடு ஏல் சேரும்போது நடுவில் உடம்படுமெய் 'வ்' வரும். மனுவேல் ஆகிவிடும். சாமுவேல், இஸ்ரவேல் எல்லாம் அப்படி வந்தவை. தானியேல், கபிரியேல் என்பவற்றில் 'ய்' வந்தது. அதாவது அந்த ஆசிரியரின் பெயரில் யூதனும் இருக்கிறான், கிரேக்கனும் இருக்கிறான், போர்த்துக்கேயனும் இருக்கிறான், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் இருக்கிறது. இதில் யாருடைய ரத்தத்தைக் கண்டுபிடித்தீர்கள்?

பெயர் ரத்தத்தைக் காட்டாது. பெயர் பயணத்தைத்தான் காட்டும். பாணுக்கும் மேசைக்கும் அலுமாரிக்கும் சப்பாத்துக்கும் அதே கப்பல்தான். காலையில் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே, போர்த்துக்கேயப் பெயர் ஆபத்து என்று வொய்ஸ் போடுகிறோம்.

*போர்த்துக்கேயர் யூதர்களா?*

இதுதான் அந்தக் குரல் பதிவின் பெரிய பொய். பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிப்பதையே தலைகீழாகச் சொல்கிறார்.

1505இல் லொரென்சோ டி அல்மேதா இலங்கைக் கரைக்கு வந்தபோது போர்த்துக்கலின் மன்னன் பெயர் என்ன தெரியுமா? மனுவேல். முதலாம் மனுவேல். ஆட்சிக்காலம் 1495 முதல் 1521 வரை. வாஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பியவனும் அவன்தான். 1502இல் ஹஜ்ஜை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் கப்பலை வாஸ்கோ ட காமா கடலில் வைத்து ஆட்களோடு எரித்ததும் அவன் ஆட்சியில்தான்.

ஆகவே மனுவேல் என்ற பெயரில் ஒரு கொடுமைக்காரன் இருந்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இருந்தான். ஆனால் அவன் யூதன் அல்லன். அவன் முதலில் கைவைத்ததே யூதர்கள் மேல்தான்.

1496 டிசம்பரில் அவன் ஒரு கட்டளை போட்டான். போர்த்துக்கலில் உள்ள யூதர்களும் முஸ்லிம்களும் அடுத்த வருஷம் ஒக்டோபர் முடிவதற்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். இரண்டு சமூகத்துக்கும் ஒரே கட்டளை. ஸ்பெயின் அரச குடும்பத்தில் பெண் எடுப்பதற்கு அது நிபந்தனையாக இருந்தது. அந்த இளவரசியின் பெயர் இஸபெல். அதுவும் எலிஷேவா என்ற ஹீப்ருப் பெயரிலிருந்து வந்ததுதான். மணமகன் பெயரும் ஹீப்ரு, மணமகள் பெயரும் ஹீப்ரு. சீதனமாகக் கேட்கப்பட்டதோ ஹீப்ரு ஓதிய மக்களையும் குர்ஆன் ஓதிய மக்களையும் நாடு கடத்துவது.

1497இல் யூதப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிள்ளையை விட்டுப் போக முடியாமல் தாய் தகப்பனும் சிக்கினார்கள். போக வந்தவர்களையும் பெரும்பாலும் போக விடாமல் வலுக்கட்டாயமாக மதம் மாற்றினார்கள். 'புதிய கிறிஸ்தவர்கள்' என்று அவர்களுக்கு ஒரு பெயர் வைத்து, தலைமுறை தலைமுறையாகச் சந்தேகக் கண்ணால் பார்த்தார்கள். 1536இல் போர்த்துக்கலில் மத விசாரணை மன்றம் வந்தபோது அதன் பிரதான இரை அந்தக் குடும்பங்கள்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கேற்றினானா, பன்றி இறைச்சியை ஒதுக்கினானா என்று அயல் வீட்டுக்காரனை வைத்தே உளவு பார்த்தார்கள்.

முஸ்லிம்களின் நிலை சற்று வேறு. அவர்களது பிள்ளைகளைப் பறிக்கவில்லை, வெளியேற விட்டார்கள். முஸ்லிம் அரசுகள் தமது நாடுகளில் உள்ள கிறிஸ்தவர்கள் மேல் பழிவாங்கிவிடும் என்ற பயம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. யூதர்களுக்காகக் கேட்க அப்போது ஒரு அரசும் இருக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். ஒரே கட்டளையில் விரட்டப்பட்ட இரண்டு சமூகத்தில் ஒன்றைப் பிடித்து, விரட்டியவனே நீதான் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

*அதே பெயர், இன்னொரு பிள்ளை*

1604இல் அப்படி அல்லற்பட்ட ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பன் மத விசாரணை மன்றத்தில் வதைபட்டவர். வெளியே கிறிஸ்தவராக வாழ வேண்டிய நிர்ப்பந்தம். ஆகவே பிள்ளைக்குப் போர்த்துக்கேயப் பெயர் வைத்தார்கள். மனோயெல் டியாஸ் சொயெய்ரோ. யாருடைய கட்டளையால் அவர்களது மூதாதையரின் வாழ்வு அழிந்ததோ, அந்த மன்னனின் பெயரே பிள்ளைக்கும்.

பிறகு குடும்பம் அம்ஸ்டர்டாமுக்குத் தப்பிப் போய்ச் சுதந்திரமாகத் தமது மார்க்கத்தைப் பின்பற்றியபோது அந்தப் பிள்ளை மெனஸே பென் இஸ்ரவேல் ஆனது. யூத மார்க்க அறிஞராக வளர்ந்து, அந்த நகரின் முதலாவது ஹீப்ரு அச்சகத்தைத் தொடங்கியவர் அவர். 1655இல் இங்கிலாந்துக்குப் போய், தன் மக்களை மறுபடியும் அந்த நாட்டில் குடியிருக்க விடுங்கள் என்று ஆட்சியாளர் குரொம்வெலிடம் கேட்டவரும் அவரே.

விரட்டிய மன்னனும் மனுவேல். விரட்டப்பட்ட வீட்டுப் பிள்ளையும் மனுவேல். பெயரை வைத்து ஆளை அறியலாம் என்பவர்கள் இந்த இருவரையும் எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்?

இன்னொரு மனுவேலையும் சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டின் கிரேக்கச் சக்கரவர்த்தி மனுவேல் கொம்னேனஸ். ஸெல்ஜூக் முஸ்லிம்களோடு யுத்தம் செய்தவர். ஆனால் 1180இல், இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறுகிறவர்கள் 'முஹம்மதின் இறைவனை' சபிக்க வேண்டும் என்றிருந்த வாசகத்தை நீக்கச் சொன்னவரும் அவர்தான். முஸ்லிம்கள் வணங்குவதும் அதே இறைவனைத்தானே, அவனை எப்படிச் சபிப்பது என்பதே அவரது பக்கம். அவரது ஆயர்களே அதற்கு எதிர்த்து நின்றார்கள். ஒரே மனிதன், ஒரு கையில் வாள், மறு கையில் இந்த நியாயம். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பெயரில் அடக்க முடியாது.

*நமக்கு வைத்த பெயர்*

நமது பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இனம் என்ற இடத்தில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்றிருக்கும். ஆங்கிலத்தில் 'மூர்'. அந்த 'மூர்' எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயரின் 'மோரோ' என்ற சொல்லிலிருந்து. வட ஆபிரிக்காவின் மௌரித்தானிய மக்களுக்கு உரோமர் வைத்த பெயர் அதன் வேர். ஐபீரியாவில் தம்மோடு போரிட்ட முஸ்லிம்களை அப்படி அழைத்துப் பழகியவர்கள், உலகம் சுற்றி வந்து நம்மைக் கண்டதும் அதே பெயரைத் தூக்கி நம் தலையில் வைத்தார்கள். ஊரும் பார்க்கவில்லை, மொழியும் பார்க்கவில்லை. தொழுகிறான், ஆகவே மோரோ. மோரோ, ஆகவே எதிரி. இரண்டு சொல்லில் விசாரணை முடிந்தது.

அதன் விளைவு என்ன? 1626இல், கொன்ஸ்தாந்தீனோ டி சா தளபதியாக இருந்த காலத்தில், போர்த்துக்கேயர் தம் கையிலிருந்த கரையோரப் பகுதிகளிலிருந்து நமது மக்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்தான். அவர்களில் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. கிழக்கில் இன்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்துகொண்டு கையெழுத்து வாங்குகிறவர்களில் எத்தனை பேருடைய மூதாதையர் அந்தக் கூட்டத்தில் வந்தார்களோ, அல்லாஹ்தான் அறிவான். செனரத் மன்னன் பெயரைக் கேட்டுச் சந்தேகப்பட்டிருந்தால் நமது கதை என்னவாகியிருக்கும்?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2019 ஏப்ரல் 21இற்குப் பிறகு வந்த மாதங்களை மறந்துவிட்டீர்களா? அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியதை நாம் காணவில்லையா? வாடகைக்கு வீடு கேட்டுத் தொலைபேசியில் பெயர் சொன்னதும் 'வீடு போய்விட்டது' என்றார்களே, அது நம் பிள்ளைகளுக்கு நடக்கவில்லையா? நமது ஆசிரியைகள் வேறு சமூகத்துப் பாடசாலைக்குப் போனபோது உடையைக் காட்டி வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் சொன்ன அதே வாசகத்தை, 'இவரிடம் எங்கள் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது' என்ற அதே வாசகத்தை, இன்று நாம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அன்று அது இனவாதம் என்றால் இன்று இதற்கு என்ன பெயர்? சமுதாயப் பற்றா?

*நமது வீட்டுப் பெயர்கள்*

ஹீப்ரு வேர் உள்ள பெயர் ஆகாது என்றால் முதலில் நமது வரவுப் புத்தகத்தைத்தான் கிழிக்க வேண்டும். இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப், யூஸுப், மூஸா, ஹாரூன், தாவூத், ஸுலைமான், ஸகரிய்யா, யஹ்யா, மர்யம். ஹீப்ரு ஏட்டில் இத்தனை பெயரையும் காணலாம். இஸ்மாயீல் ஹீப்ருவில் யிஷ்மாஏல், 'இறைவன் கேட்கிறான்'. ருகூவிலிருந்து நிமிரும்போது நாம் 'ஸமிஅல்லாஹு' என்கிறோமே, அந்த 'ஸமிஅ' என்ற சொல்லும் இந்தப் பெயரின் முன்பாதியும் ஒரே வேர். பின்பாதியில் மனுவேலில் உள்ள அதே 'ஏல்'. ஜிப்ரீலிலும் மீகாயீலிலும் உள்ளதும் அதுதான்.

போர்த்துக்கேயரின் ஜுவாங் என்ற பெயர் யொஹானான் என்ற ஹீப்ருவிலிருந்து வந்தது. நாம் யஹ்யா (அலை) என்று அழைக்கும் நபியை அவர்கள் அழைக்கும் பெயர் அது. அவர்களது ஜொஸே நமது யூஸுப். அவர்களது மரியா நமது மர்யம்.

இவ்வளவும் ஏன்? நபியவர்கள் தமக்குப் பிறந்த மகனுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? இப்ராஹீம். தம் பாட்டனார் இப்ராஹீமின் பெயரை வைத்ததாகச் சொன்னார்கள். யூதரும் கிறிஸ்தவரும் அதே இப்ராஹீமைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று அவர்கள் தயங்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். நபியவர்கள் சிலரின் பெயரை மாற்றினார்களே? மாற்றினார்கள். மாறு செய்பவள் என்று பொருள்படும் 'ஆஸியா' (ஐன், ஸாத் கொண்டு எழுதுவது) என்ற பெயரை 'ஜமீலா' என்று மாற்றினார்கள். பார்த்தது அர்த்தத்தை. எந்த மொழியில் இருந்து வந்தது என்பதை அல்ல. அந்த அளவுகோலை எடுத்தால் 'இறைவன் எங்களோடு' என்ற பெயரில் எதை மாற்றச் சொல்வீர்கள்?

இன்னொருவர் கேட்பார், அப்படியானால் நமது பிள்ளைகளுக்கு மனுவேல் என்று வைக்கலாமா என்று. தேவையில்லை. அது கிறிஸ்தவர்கள் ஈஸா நபியைப் பற்றிய தமது நம்பிக்கையோடு வைக்கும் பெயர். நமக்கென்று பெயர்கள் இருக்கின்றன. நான் பேசுவது நமது பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பற்றி அல்ல. இன்னொரு தாய் தன் பிள்ளைக்கு ஆசையோடு வைத்த பெயரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றி.

*அவர் யூதராகவே இருந்தால்?*

அவர் யூதர் அல்லர், கத்தோலிக்கர், ஆகவே விட்டுவிடுங்கள் என்று சிலர் சமாதானம் பேசுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வாதம் எனக்குப் போதாது. யூதராக இருந்தால் கையெழுத்து வாங்குவது சரியாகிவிடுமா?

நமது தாய்மார்களில் ஒருவர், உம்முல் முஃமினீன் ஸபிய்யா (ரழி). யூதத் தலைவர் ஹுயை இப்னு அக்தபின் மகள். யாரோ அவரை யூதனின் மகள் என்று குத்திப் பேசியதற்காக அவர் அழுதார். நபியவர்கள் என்ன செய்தார்கள்? உன் தகப்பன் ஹாரூன் நபி, சாச்சா மூஸா நபி, கணவர் முஹம்மத் நபி, இதற்கு மேல் யாருக்கு என்ன பெருமை என்ற கருத்தில் பதில் சொல்லும்படி சொல்லிக் கொடுத்தார்கள். திர்மிதியில் இருக்கிறது. பரம்பரையை மறைக்கச் சொல்லவில்லை. தலை நிமிர்ந்து சொல்லச் சொன்னார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து போனபோது நபியவர்கள் எழுந்து நின்றதும், அது யூதரின் ஜனாஸா ஆயிற்றே என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிர் அல்லவா என்ற கருத்தில் கேட்டதும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

காஸாவில் நடப்பதைப் பார்த்து எனக்கும் நெஞ்சு கொதிக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்காத துஆ இல்லை. ஆனால் குண்டு போடும் அரசின் மேல் வரவேண்டிய கோபத்தை, நமது ஒன்பதாம் வகுப்புக்கு அட்சரகணிதம் படிப்பிக்க வந்த ஒரு மனிதரின் பெயர்மேல் இறக்குவதால் காஸாவில் எந்தப் பிள்ளைக்கு ஒரு மிடறு தண்ணீர் போகும்? பலஸ்தீனில் நமது கிறிஸ்தவ சகோதரர்களும் அதே குண்டில்தான் சாகிறார்கள். அவர்களில் இந்தப் பெயருள்ளவர்கள் இருக்க மாட்டார்களா?

சூரா ஹுஜுராத்தின் 11ஆம், 12ஆம் வசனங்களை ஊர்க் கூட்டங்களில் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்? ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிக்கக் கூடாது, பட்டப்பெயர் சூட்டக் கூடாது, வீணான சந்தேகம் கூடாது, துருவித் துருவி ஆராயக் கூடாது. அந்தக் குரல் பதிவு ஆறு நிமிடத்துக்குள் இத்தனையையும் செய்கிறது.

*கடைசியாக, கையெழுத்துப் பற்றி*

நமது பாடசாலையில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் எவ்வளவு காலம் இருந்தோம் என்று பெற்றோருக்குத் தெரியும். விஞ்ஞான டீச்சரும் நானும் மாறி மாறி அந்தப் பாடவேளைகளை நிரப்பினோம். நிரப்பினோம் என்றுதான் சொல்லலாம், படிப்பித்தோம் என்று சொல்ல முடியாது. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை ரியூஷனுக்கு அனுப்பினார்கள். மீன் வாடியில் வேலை செய்கிறவர், கூலிக்கு வயலுக்குப் போகிறவர், கணவனை இழந்து இடியப்பம் அவித்து விற்கிற தாத்தா, இவர்களது பிள்ளைகள்தான் சாதாரண தரத்தில் கணிதத்தில் விழுந்தார்கள். இந்த ஆசிரியர் வந்த பிறகு பின்னேரமும் நின்று, காசு வாங்காமல், அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பின்னங்களிலிருந்து தொடங்கியிருக்கிறார். லுஹர் தொழுகைக்குப் பிள்ளைகள் போய் வரும் வரை காத்திருந்து மறுபடி தொடங்குகிறார்.

அவரைப் போகச் சொல்லும் மனுவில் ஒப்பமிட்டவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் நமது பாடசாலையில் படிக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளின் ஈமானைக் காப்பாற்றப் புறப்படுவது சுலபம். நட்டம் அவர்களுக்கு வராது.

அவரது பாடத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் மார்க்கத்துக்கு விரோதமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஆதாரத்தோடு அதிபரிடம் வாருங்கள், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். பெயரைத் தவிர வேறு குற்றச்சாட்டு இல்லை என்றால், அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். ஒப்பமிட்டவர்கள் கூப்பிட்டுத் தமது பெயரை எடுக்கச் சொல்லலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும் பள்ளி நிர்வாகத்தினரும் இது பற்றி அடுத்த ஜும்ஆவுக்கு முன்னர் வாய் திறக்க வேண்டும். மௌனமாக இருந்துவிட்டு, அவர் இடமாற்றம் எடுத்துப் போன பிறகு 'நல்ல மனுஷன்' என்று சொல்வதில் பயன் இல்லை.

குரல் பதிவை அனுப்பிய சகோதரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்து உங்களை எடைபோட மாட்டேன். நீங்கள் சொன்னதை வைத்து மட்டும்தான் பேசியிருக்கிறேன். அதே நியாயத்தை அந்த ஆசிரியருக்கும் கொடுங்கள் என்பதுதான் எனது கோரிக்கை.

யா அல்லாஹ், உண்மையை உண்மையாகக் காட்டி அதைப் பின்பற்றும் பாக்கியத்தைத் தா. பொய்யைப் பொய்யாகக் காட்டி அதைவிட்டும் எங்களைத் தூரமாக்கு. ஆமீன்.

பகிர விரும்புகிறவர்கள் முழுதாகப் பகிருங்கள். ஒரு பந்தியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷொட் போட வேண்டாம்.